சுந்தரதாஸ் சார் வீட்டு விளைச்சல்

ராஜபாய் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் சுந்தரதாஸ் சாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த மனுஷரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலியா ஒருபக்கமாகப் பேசினான் என்று பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. நான் ஒருபக்கமாகத்தான் பேசப்போகிறேன்.

உதியன்குளங்கரை சந்திப்பிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில் எனக்கு ஒரு பைக் பட்டறை உண்டு. அதற்கு நேர் எதிரில் சாரின் மாடி வீடு. மேலே அவரும் அவர் மனைவியும். கீழே வாடகைக்கு ராஜபாய் அக்கா. காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அக்காவின் தையல் அறை ஜன்னல்தான். அதில் எப்போதும் ஒரு வெள்ளை கவுன் தொங்கும். அக்கா கல்யாண கவுன் மட்டும்தான் தைப்பாள். சுடிதார், பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபார்ம் எதையும் தொடமாட்டாள். நெய்யாற்றின்கரையிலிருந்து மார்த்தாண்டம் வரை எந்தச் சபையில் கல்யாணம் நடந்தாலும், மணப்பெண் உள்ளே நுழைந்ததும் பெண்கள் முதலில் பார்ப்பது கவுனின் தோளைத்தான். அங்கே முத்து வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தால் "ராஜபாய்க்க கையாக்கும்" என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொல்வாள். மாப்பிள்ளையை அதற்கப்புறம்தான் பார்ப்பார்கள்.

அக்கா பிறந்தது பாறசாலைக்குப் பக்கத்தில். அப்பா சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றவர். பத்தாவது முடித்ததும் பாறசாலையிலேயே தையல் படித்தாள். டிப்பர் லாரி ஓட்டிய ராபின்சனைக் கட்டினாள். ராபின்சன் அண்ணன் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகள் சோனாவை நர்சிங் படிக்க வைத்து பெங்களூருக்கு அனுப்பியது முழுக்க அந்தத் தையல் மிஷின்தான். இதெல்லாம் எங்கள் ஊரில் பல பெண்களுக்கு நடந்ததுதான். அக்காவிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று உண்டு. அவளுக்கு மறதி கிடையாது.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தட்டிவிட்டு, கேட்டபோது நான் இல்லை என்று சாதித்திருக்கிறாள். இருபத்தைந்து வருடம் கழித்து அவளே தன் மகளைக் கூட்டிக்கொண்டு கவுன் தைக்க வந்தாள். அக்கா உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள், மகளுக்கு அளவும் எடுத்தாள். எல்லாம் முடிந்ததும், அன்றைக்கு பாத்திரத்தைத் தட்டிவிட்டது யார் என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஞாபகம் வந்ததும் வா, அதுவரை துணி உன் கையில் இருக்கட்டும் என்று சொல்லி வழியனுப்பிவிட்டாள். இதை என் மனைவி பக்கத்தில் இருந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம், ராஜபாய் அக்காவிடம் கடன் வாங்கினாலும் வாங்கலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது என்றாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் சுந்தரதாஸ் சார் வீட்டுக்காரராக வாய்த்தார். சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். சாவியைக் கொடுத்த அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். வாடகை வீட்டுக்கு மட்டும்தான். வீட்டைச் சுற்றியுள்ள புரயிடத்தில் எது விளைந்தாலும் அது அவருடையது. தேங்காய் விழுந்தால் எடுத்து மேலே கொண்டுவந்து வைக்க வேண்டும், பப்பாளி பழுத்தால் தகவல் சொல்ல வேண்டும். சட்டம் பேசும்போது சார் மலையாளத்துக்கு மாறிவிடுவார். அது என்னமோ கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விழுந்த தேங்காயை ஒன்றுவிடாமல் மேலே கொண்டுபோய் வைத்தாள்.

ஒரே ஒரு காரியம் செய்தாள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற பின்பக்கம் ஏத்தன் என்கிற நேந்திர வாழைக் கன்று ஒன்றை வாங்கி நட்டாள். சாம்பல் போட்டாள், முட்டுக் கொடுத்தாள், காற்றில் சாயாமல் கயிறு கட்டினாள். அது தன் பெயரில் ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நேர்ந்து வைத்த வாழை.

எங்கள் சபையில் ஐப்பசியில், துலா மழைக்காலத்தில் அறுப்பின் பண்டிகை வரும். ஒவ்வொரு வீட்டிலும் விளைந்ததில் நல்லதைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஏலம் விளிப்பது பல வருடமாக நான்தான். குரல் பெரிது, வெட்கம் குறைவு. இந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் பொருளைத் தூக்கிக் காட்டி இன்னார் வீட்டு விளைச்சல் என்று சொன்னதும் கூட்டம் கேள்வி கேட்கும். யார் நட்டது, எங்கே விளைந்தது, என்ன வெள்ளம் பாய்ந்தது? எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுக்காரர் எழுந்து நின்று வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். கேலியும் சிரிப்புமாக நடக்கிற காரியம்தான். ஆனால் பதில் வராமல் நான் விலை கேட்கக் கூடாது. பதில் சொல்லாதவர் பொருள் மேசையிலேயே கிடக்கும். கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்பச் சுமந்துகொண்டு போகிற அவமானம் எங்கள் சபையில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்காவின் ஏத்தக்குலை வந்தது. தூக்கும்போதே என் கை இறங்கியது, அப்படி ஒரு கனம். ராஜபாய் வீட்டு ஏத்தக்குலை என்று மைக்கில் சொன்னேன். அக்கா எழுந்து வாயைத் திறப்பதற்குள் சார் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ஒரு திருத்தம் உண்டு," என்றார். "நான் வாடகைக்குக் குடுத்தது வீடு மட்டும். எனக்க மதிலுக்குள்ள ஆரு நட்டாலும், எங்க விளைஞ்சாலும், அது எனக்குள்ளதாக்கும். சுந்தரதாஸ் வீட்டு விளைச்சல்னு விளிக்கணும்."

என்ன வெள்ளம் பாய்ந்தது என்று யாரோ கேட்டார்கள். என் கிணற்று வெள்ளம் என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள், குலை நல்ல விலைக்குப் போனது, போதகர் சாருக்குக் கைகொடுத்தார். அக்கா பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாருக்கு முகம் பார்க்கத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போயிருப்பார்.

அடுத்த வருடம் சாரின் மகன் பிஜு வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறான் என்று மாடியில் புது பாத்ரூம் கட்டினார்கள். அது அக்காவின் தையல் அறைக்கு நேர் மேலே. கொத்தனாரை அவசரப்படுத்தி, சரிவு பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட வைத்தார் சார். பிஜு வந்து குளித்துவிட்டுத் திரும்பிப் போனான். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும்போது அக்காவின் சீலிங்கில் ஒரு ஈரத் திட்டு வந்தது. பிறகு அதிலிருந்து சொட்டத் தொடங்கியது. மழை நின்ற நாட்களிலும் சொட்டியது. சார் மேலே குளிக்கிற நேரத்தில் நன்றாகவே சொட்டியது.

அக்கா மேலே போய் மரியாதையாகத்தான் சொன்னாள். சார் இறங்கி வந்து பார்த்தார். நீ ஓயாமல் இஸ்திரி போடுகிறாய், அந்த ஆவிதான் மேலே போய் வெள்ளமாக இறங்குகிறது என்றார். ஜன்னலைத் திறந்து போடு, காற்றுப் புகாத அறையில் ஈரம் பிடிக்கத்தான் செய்யும் என்று புத்தியும் சொன்னார். அக்கா ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தாள். சாரின் மனைவி அவனை மாடிப்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் கேட்டாள். மேலேயிருந்து ஒழுகினால் அது வீட்டுக்காரர் பொறுப்புதான், நோட்டீஸ் விடலாம், ஆனால் கேஸ் முடிவதற்குள் நீங்கள் கிழவி ஆகிவிடுவீர்கள் என்று அவர் சொன்னாராம். அதற்குள் சார் மலையாளத்தில் ஒரு தீர்ப்பு வாசித்தாயிற்று. வெள்ளையடித்து உலர்ந்த வீடாகத்தான் உன் கையில் கொடுத்தேன், உன் கையில் இருக்கும்போது வருகிற ஈரத்துக்கு நீதான் உத்தரவாதம் என்று.

அப்போது அக்கா லிஜாவின் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தாள். லிஜா சஜன் அண்ணனின் மூத்த மகள். சஜன் அண்ணனுக்கு சந்திப்பில் பெயின்ட் கடை, கோபக்காரர், மகள் என்றால் உயிர். முத்து வைத்து முடித்த கவுனை அக்கா பிளாஸ்டிக் உறை போட்டு, சொட்டுகிற இடத்திலிருந்து தள்ளி, எதிர்ச்சுவர்ப் பக்கம் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே நகர்ந்து அங்கே ஒரு புது வழி கண்டுபிடித்தது. ஹேங்கர் கொக்கிக்காக உறையில் போட்ட துளை வழியாக உள்ளே இறங்கியது. கம்பித் துருவும் சேர்ந்த தண்ணீர். இடது தோளிலிருந்து விளிம்பு வரை பழுப்பாக ஒரு கோடு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சஜன் அண்ணன் கவுனை வாங்க வந்தார். வெளியே கத்தல் கேட்டு நான் பட்டறையிலிருந்து ஓடிப்போனேன். அக்கா கவுனைக் கையில் பிடித்தபடி, மேலேயிருந்து ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சொல்ல வேண்டிய ஒரே நேரம் அது. ஆமாம், என் பாத்ரூம் ஒழுகுகிறது என்று அவர் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"நான் அப்பவே சொன்னேன் சஜா," என்றார் சார். "துணி வைக்கிய முறிய ஈரம் இல்லாம உணக்கமா வச்சுக்க சொன்னேன். இவ கேக்கணுமே. ஒழுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் இவளுக்க அசிரத்தை."

சஜன் அண்ணன் தலைமை ஆசிரியர் சொன்னதை நம்பினார். அவர் அக்காவைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுத மாட்டேன். லிஜா நகரத்தில் வாங்கிய ரெடிமேட் கவுனில் கல்யாணம் கட்டினாள், தோளில் ஊசி குத்தி நிறுத்தியிருந்தார்கள். அக்கா துணிக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் கவுனைத் தானே வைத்துக்கொண்டாள். ராஜபாய் இப்போது கவனிப்பதில்லை, துணி பாழாகிறது என்று பேச்சு சபை சபையாகப் போனது. ஓணம் கழிந்து வரும் கல்யாண சீசனில் அக்காவின் ஜன்னலில் எதுவும் தொங்கவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் கண்ணில் படுவது அந்த வெற்று ஜன்னல்தான்.

சோனா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து இரு அம்மா என்று அழுதாள். என் மனைவியும் அக்காவிடம் அதையே சொன்னாள். சாரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனால் பழியும் அவளோடு போய்விடும்.

"போறேன்," என்றாள் அக்கா. "வெள்ளம் எங்கேர்ந்து வந்ததுன்னு அவரு வாயால, சபைக்க முன்னால சொல்லட்டு. அதுக்குப் பொறவு ஒரு நாளு இந்த வீட்டில நிக்க மாட்டேன். அது வரைக்கும் தள்ளினாலும் இறங்க மாட்டேன்."

அந்தத் தையல் அறைச் சுவரில் சாமான் வைப்பதற்காக சார் ஆசையாக அடித்து வைத்த ஒரு அயனி மரப் பலகைத் தட்டு உண்டு. வருகிறவர்களிடம் எல்லாம் என் சொந்த மரத்தில் அறுத்தது என்று தட்டிக் காட்டுவார். அது ஈரத்தில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. ஒருநாள் அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ முளைத்ததை என் மனைவி பார்த்தாள். காளான். துடைத்து எறியலாம் என்று துணியை எடுத்தாளாம். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டுக்கு மேலே சொட்டுகிற இடத்தில் வைத்திருந்த பாத்திரத்தையும் எடுத்து ஓரமாக நகர்த்திவிட்டாள். சொட்டுகள் நேராகத் தட்டில் விழுந்தன. அன்றிலிருந்து முளைத்தது வாடினாலும் பிடுங்காமல், அடுத்தது முளைக்கும்வரை காத்திருந்து, அக்கா காளான் வளர்த்தாள். கவுன் தைத்த கை சும்மா இருக்குமா?

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு புல்லட்டின் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"எலே எலியா, இந்த வருசமும் ஏலம் நீதானே விளிக்கிய?"

நான்தான் என்றேன்.

"பொருளு கொண்டுவாற ஆளு எந்த வீட்டுப் பேரு சொல்லுதோ, அதை மாத்தாம விளிப்பியா?"

பெயரை மாற்ற எனக்கு என்ன அதிகாரம் அக்கா, சொன்னதைச் சொல்வேன் என்றேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயம். தெரிந்துவிட்டால் நாளை என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் பந்தல் நிறைந்திருந்தது. வாழைக்குலை, சேனை, தேங்காய், கோழி, ஒரு ஆட்டுக்குட்டி. மேசையின் ஓரத்தில் வெள்ளை சாட்டின் துணி போர்த்திய நீளமான ஒரு பொருள். கோழி போனது, சேனை போனது. பிறகு அதை எடுத்தேன். யார் வீடு என்று கேட்டேன். பெண்கள் வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"சுந்தரதாஸ் சாருக்க வீட்டு விளைச்சல்," என்றாள்.

சொன்னபடியே மைக்கில் விளித்தேன். ஒருமுறை விளித்தால் போதும், நான் மூன்று முறை விளித்தேன். போதகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார் முதலில் சிரித்தார். வாடகைக்காரி மனம் திருந்தி நம் பெயரில் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நான் துணியை விலக்கினேன்.

கறுத்து ஊறிய அயனித் தட்டு. அதன் நீளம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காளான், குடை விரித்துக்கொண்டு நின்றது. பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள், அப்புறம் பந்தலே சிரித்தது. சார் தன்னுடைய தட்டை அடையாளம் கண்டுகொண்டார். முகம் சிவந்து எழுந்து, இது என்னுடையது இல்லை, அவள் அறையில் வந்தது, அவளுடையது, எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்.

அக்கா உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அப்போ முந்தின ஏலத்துக்கு வந்த ஏத்தக்குலை ஆருக்குள்ளது சாரே? மதிலுக்குள்ள ஆரு நட்டாலும், எங்க விளைஞ்சாலும் எனக்குள்ளதுன்னு இந்த மைக்கில தானே சொன்னிய? அது உங்களுக்குள்ளதுன்னா இதும் உங்களுக்குள்ளதாக்கும். இது எனக்குள்ளதுன்னா, அன்னு எனக்க குலையை உங்க பேரில கர்த்தருக்குக் குடுத்திய."

சிரிப்பு நின்றுவிட்டது. கேலி என்று நினைத்தவர்களுக்குக்கூட இப்போது விஷயம் புரிந்தது. காளான் அவளுடையது என்றால் சார் ஆலயத்தில் பொய் சொல்லி இன்னொருத்தியின் காணிக்கையைத் தன் பெயரில் வைத்தவர் ஆவார். கமிட்டியில் அதற்கப்புறம் உட்கார முடியாது. காளான் தன்னுடையது என்றால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். போதகர் மெதுவாகத் திரும்பி சாரைப் பார்த்தார். சார் போதகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

என்னுடையது என்றார் கடைசியில்.

நான் என் வேலையைச் செய்தேன். எங்கே விளைந்தது என்று கேட்டேன். கீழே, தையல் முறியில் என்றார். என்ன வெள்ளம் பாய்ந்தது என்று கேட்டேன். மழை என்றார். மழை இல்லாத நாளும் சொட்டியதே, நீங்கள் குளிக்கிற நேரம் எல்லாம் சொட்டியதே என்று அக்கா இடத்தை விட்டு அசையாமல் சொன்னாள். அப்போது ஆண்கள் வரிசையின் நடுவிலிருந்து சஜன் அண்ணன் எழுந்தார்.

"எனக்க பிள்ளைக்க கவுனுல விழுந்த வெள்ளமாக்கும் அது," என்றார். "அது எங்கேர்ந்து வந்தது சாரே? உங்க வாயால கேக்கணும்."

நான் மைக்கை சாரின் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். அவர் முதலில் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை சார், கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்றேன். எனக்கு நன்றாகக் கேட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"மேல எனக்க பாத்ரூமில இருந்து இறங்கின வெள்ளம்," என்றார் சார்.

பந்தலின் நாலு மூலையிலும் இருந்த ஸ்பீக்கர்கள் அதைச் சொல்லின. சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

இனி விலை கேட்கலாம். சஜன் அண்ணன்தான் தொடங்கினார். பெயின்ட் கடை வாசலில் வைக்கப்போகிறேன், வருகிறவர்களுக்கு ஈரம் என்றால் என்ன என்று காட்டலாம் என்று உரக்கச் சொன்னார். அதைக் கேட்டதும் சார் கையைத் தூக்கினார். வேறு வழி இல்லை, தட்டு இன்னொருவன் கைக்குப் போனால் ஊர் ஊராகக் காட்சி நடக்கும். சார் கை தூக்க, சஜன் அண்ணன் ஏற்ற, கவுன் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு போன மணப்பெண்களின் அப்பாமார்கள் ஆளுக்கொரு கை ஏற்ற, அந்த வருடம் ஆட்டுக்குட்டியைவிடப் பெரிய விலைக்குப் போனது காளான்தான். ஏலம் எடுத்தவர் பொருளைத் தன் கையாலேயே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்தான். சார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க நடக்கிற சாலையில் வீடு வரைக்கும் நடந்தார். யாரும் வண்டியில் ஏற்றிக்கொள்ளவில்லை. என் பைக்கும் அவரைக் கடந்துதான் போனது.

சொன்னபடி அக்கா அடுத்த நாளே இறங்கினாள். என் பட்டறைக்குப் பக்கத்து அறை பழைய டயர் போட்டு வைத்திருந்த இடம், அதை வாடகைக்குக் கேட்டாள். நான் சாவி கொடுப்பதற்கு முன்னால் மேலே ஏறி, என் மனைவியோடு சேர்ந்து மொட்டைமாடியில் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டிவிட்டு, கீழே வந்து சீலிங்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒழுகினால் சொல் அக்கா, உடனே சரிசெய்து தருகிறேன் என்றேன். சொல்லமாட்டேன், ஏலத்துக்குக் கொண்டுவருவேன் என்றாள். நான் அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே இன்னொரு பூச்சு பூசிவிட்டேன்.

மணப்பெண்கள் திரும்பி வந்தார்கள். சஜன் அண்ணனும் வந்தார், இளைய மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று. அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும், ஈஸ்டருக்குப் பிறகு வந்து கேளுங்கள் என்றாள். அவர் சரி என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆனால் புது அறையின் கண்ணாடி ஜன்னலில் அக்கா முதலில் தொங்கவிட்டது புதுக் கவுன் இல்லை. லிஜாவின் கவுன். இடது தோளிலிருந்து விளிம்பு வரை அந்தப் பழுப்புக் கோடு அப்படியே இருக்க, சாரின் மேல்மாடி ஜன்னலுக்கு நேராகத் தொங்கியது. வருகிறவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்பார்கள். அக்கா ஊசியை நிறுத்தாமல், தலையால் எதிர்வீட்டைக் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்குவாள். நான் பட்டறையில் இருந்தபடியே அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஒரு வார்த்தை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சார் சாலையைத் தாண்டி வந்தார். மாடி பாத்ரூமை இடித்துச் சரிசெய்தாயிற்று, கமிட்டியிலிருந்தும் தானாகவே விலகியாயிற்று. ஆள் மெலிந்திருந்தார். எனக்கே அன்றைக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அவர் வாசலில் நின்று, கவுனுக்கு ஆன செலவையும் அதற்கு மேலும் தருகிறேன், அதை மட்டும் இறக்கிவிடு ராஜபாய் என்றார். நல்ல இடத்தில் கொடுத்து வெளுத்தால் கறை போய்விடும் என்றும் சொன்னார்.

அக்கா முத்து கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்க மதிலுக்குள்ள விளைஞ்சது எல்லாம் உங்களுக்குத் தந்தேன் சாரே," என்றாள். "எனக்க துணியில விழுந்தது எனக்குள்ளதாக்கும். அதை நான் தர மாட்டேன்."

சார் திரும்பிச் சாலையைத் தாண்டிப் போனார். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியபோது எதிர்வீட்டு மேல்மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே பலகை அடித்து, கனமான திரையும் போட்டிருந்தார்கள். வேனல் வந்தது, போனது, அது திறக்கவே இல்லை. மறுபடி இடவப்பாதி மழை பிடித்த அன்றைக்கு நானும் அக்காவும் வாசலில் நின்று கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். இப்படி மாதக்கணக்கில் அடைத்துப் போட்டால் சாரின் அறையில் ஈரம் பிடித்துவிடுமே அக்கா என்றேன்.

அக்கா அந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தாள்.

"பிடிக்கட்டு," என்றாள்.